தகடு வாங்கிய பள்ளிக்கூடம்

காலை ஏழு மணிக்கே பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் வரிசை கட்டி நின்றால், ஒன்று பரீட்சை முடிவு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ எதையோ சும்மா கொடுக்க வேண்டும். அந்த வியாழக்கிழமை இரண்டும் இல்லை. கைக்காசு போட்டு ஒரு செப்புத் தகடு வாங்குவதற்காக முந்நூறு பேர் நின்றார்கள். தகடு கோட்டுப் பொத்தான் அளவு இருக்கும். அதை நீலத் துணிப்பையில் வைத்துத் தைத்துப் பிள்ளையின் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டால் போதும். தலைவலி போகும். மயக்கம் போகும். கணக்கு வரும். அந்தக் கடைசி ஒன்றுக்காகத்தான் பாதிப் பேர் நின்றார்கள்.

தகட்டின் பெயர் நலத்தகடு. கொண்டுவந்தவரின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அலை ஐயா என்றால் ஊருக்கே தெரியும். வெள்ளைக் கோட்டு, அதன் பையில் மூன்று பேனா, பஞ்சில் தோய்த்தெடுத்த மாதிரி ஒரு குரல். மூன்று பேனாவில் ஒன்றாவது எழுதியதை யாரும் பார்த்ததில்லை.

அவர் அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்த கதை இது. இரண்டு மாதமாக உயர்நிலை வகுப்புகளில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. பதினொரு மணி ஆனால் தலைவலி. இரண்டு மணி ஆனால் கிறுகிறுப்பு. மைதானத்தில் வரிசையில் நின்றால் யாராவது ஒருத்தி பொத்தென்று விழுந்தாள். பெற்றோர் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பக்கத்துக் கைப்பேசிக் கோபுரம் என்றார் ஒருவர். புதுக் கட்டடத்தின் வாசல் தப்பான திசையில் இருக்கிறது என்றார் இன்னொருவர். போன வருடம் வாங்கிய கரும்பலகையில் ஏதோ இருக்கிறது என்றார் மூன்றாமவர்; அவர் மகன் கரும்பலகையைப் பார்த்ததே அபூர்வம்.

அந்த நேரம் பார்த்துக் கல்வித் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாணவர் நலவாழ்வுக்கு ஒரு திட்டம் நடத்தி, படத்துடன் அறிக்கை அனுப்ப வேண்டும். தலைமையாசிரியை நல்லவர். பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று உண்மையிலேயே தவித்தார். ஆனால் அந்தக் கடிதத்தில் அவர் கண் நின்ற இடம் ‘படத்துடன்’ என்ற சொல்தான்.

அலை ஐயா படத்துக்கு நன்றாக விழுவார்.

கூட்ட மண்டபத்தில் முதல் நாள் அவர் உடற்பயிற்சி ஆசிரியரை மேடைக்குக் கூப்பிட்டார். எல்லாரும் பி.டி. மாஸ்டர் என்று அழைக்கும் அந்த மனிதரின் கை, மரக்கிளை மாதிரி இருக்கும்.

“கையப் பக்கவாட்டுல நீட்டுங்க மாஸ்டர். நான் அமுக்குவேன். விடாம நில்லுங்க.”

அலை ஐயா இரண்டே விரலை வைத்து அமுக்கினார். மரக்கிளை சரிந்தது. மண்டபம் மூச்சை இழுத்தது. அடுத்து மாஸ்டரின் பையில் ஒரு தகட்டைப் போட்டுவிட்டு மறுபடி அமுக்கினார். கை அசையவில்லை. அலை ஐயாவுக்கு நெற்றியில் வியர்வையே வந்துவிட்டது.

“பாத்தீங்களா. கெட்ட அலையத் தகடு உறிஞ்சிடுச்சு. இது மந்திரம் இல்லீங்க. குவாண்டம்.”

பௌதிக ஆசிரியர் தலையாட்டினார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுவிடப் போகிறார்களே என்ற பயத்தில் ஆட்டினார். பார்த்தவர்கள் அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு அலை ஐயா விதிகளைச் சொன்னார். தகடு நாற்பது நாள்தான் உறிஞ்சும். பிறகு புதிது வாங்க வேண்டும். மருந்து மாத்திரை பட்டால் தகடு கெட்டுவிடும். சந்தேகப்படுகிறவர் பக்கத்தில் இருந்தால் அலை வேலை செய்யாது. கடைத்தெருவில் போலித் தகடு வந்திருக்கிறது, ஏமாந்துவிடக் கூடாது. போலி எது, அசல் எது என்று கையை அமுக்கியே அவர் சொல்லிவிடுவார்.

வேறு எந்தக் கடைக்காரராவது “சந்தேகப்பட்டால் என் குக்கர் விசில் அடிக்காது” என்று சொன்னால் அந்தக் கடையில் யாராவது குக்கர் வாங்குவார்களா? ஆனால் குக்கர் வாங்கும்போது இருக்கிற புத்தியைக் கூட்ட மண்டபத்துக்கு யார் கொண்டுவருகிறார்கள்.

தலைமையாசிரியை வகுப்பறைக்கு ஒன்றாக, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், பதினெட்டுப் பெருந்தகடு வாங்கி மாட்டினார். அதற்கான தொகை கழிப்பறை பழுதுபார்க்க ஒதுக்கியிருந்ததிலிருந்து போனது. படம் எடுக்கப்பட்டது. அறிக்கை அனுப்பப்பட்டது. பாராட்டுக் கடிதமும் வந்தது.

பள்ளியின் நோயாளர் அறையில் ஒரு நர்ஸ் இருந்தாள். பிள்ளைகள் சிஸ்டர் என்பார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு அலமாரி, ஜன்னலில் ஒரு தண்ணீர்க் குடம். இவ்வளவுதான் அவள் ராஜ்யம். அவள் தங்கையின் மகள் அங்கேயே ஒன்பதாம் வகுப்பு படித்தாள். தத்தித் தத்தி ஓடுவதால் குருவி என்று பெயர். குருவிக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. இன்ஹேலர் பையிலேயே இருக்கும். இரண்டு முறை இழுத்துக்கொண்டு மறுபடி ஓடுவாள்.

குருவியின் அம்மா தையல்காரி. நீலத் துணிப்பை தைக்கும் வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. நாளைக்கு எண்பது பை தைத்தாள். தைக்கத் தைக்க அவளுக்கு நம்பிக்கை கூடியது. எண்பது பேர் நம்புகிற ஒன்று பொய்யாக இருக்குமா என்பது அவள் கட்சி.

தகடு வந்த மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, மைதானத்திலிருந்து பி.டி. மாஸ்டர் குருவியைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு வந்தார். அவள் மூச்சு விசில் மாதிரி கேட்டது. உதடு வெளுத்திருந்தது.

“இன்ஹேலர் எங்க?” என்றாள் நர்ஸ்.

குருவி சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினாள். நீலத் துணிப்பை இருந்தது.

“அத இல்லடி. மருந்து.”

“அம்மா... பீரோல... பூட்டி...”

நர்ஸ் அலமாரியில் பள்ளிக்கென்று வைத்திருந்த இன்ஹேலரை எடுத்தாள். குருவியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒவ்வொரு இழுப்பாக எண்ணிக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் விசில் தேய்ந்து நின்றது. பி.டி. மாஸ்டர் அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவர் பையிலும் ஒரு நீலத் துணிப்பை இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நர்ஸ் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டாள். அதை நீட்டி, “தண்ணி குடி” என்றாள்.

“வேணாம் பெரியம்மா.”

“தொண்டை காஞ்சிருக்கும். குடி.”

“குடிச்சா பாத்ரூம் போகணும்.”

“போ. யாரு வேணாம்னா?”

குருவி கால் விரலைப் பார்த்தாள். “ரெண்டு மூணு மாசமாவே கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல பெரியம்மா. நாலுலயும் இல்ல. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய புடிச்சுக்கணும். சில நாள் பையனுங்க இந்தப் பக்கமா ஓடுவானுங்க. அதான் யாரும் போறதில்ல. காலையில வீட்டுல குடிக்கிறதோட சரி.”

“எத்தன மணி வரைக்கும்?”

“வீட்டுக்குப் போற வரைக்கும்.”

நர்ஸ் அந்த இரண்டு மாதமும் அறைக்கு வந்தவர்களை மனதில் ஓட்டிப் பார்த்தாள். பதினொரு மணித் தலைவலி. இரண்டு மணிக் கிறுகிறுப்பு. பத்தில் எட்டு பேர் பெண்பிள்ளைகள். மீதி இரண்டு பேர் காலையில் சாப்பிடாமல் ஓடிவருகிற பையன்கள். தண்ணீர் நீட்டியபோதெல்லாம் “வேணாம் சிஸ்டர்” என்றார்களே, அதை ஏன் கேட்காமல் விட்டோம் என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. உடனே நடந்துபோய் நான்கு கதவையும் ஆட்டிப் பார்த்தாள். நான்கிலும் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது. கைகழுவும் குழாயில் தண்ணீர் இல்லை.

அங்கிருந்து நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனாள்.

“மேடம், பிள்ளைங்களுக்கு வந்திருக்கிறது தண்ணி குடிக்காத தலைவலி. நாலு தாழ்ப்பாள், ஒரு குழாய். இத சரி பண்ணா போதும்.”

“அடுத்த வருஷ ஒதுக்கீட்டுல பாக்கலாம் சிஸ்டர். இந்த வருஷம்தான் பெருந்தகடு வாங்கிட்டோமே.” சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் சங்கடப்பட்டார். “எல்லாருக்கும் குணமாயிருக்குன்னு சொல்றாங்க. பெத்தவங்க நம்பிக்கைய நாம கெடுக்கலாமா?”

“நம்பிக்கையோட நேத்து ஆறு பேர் என் கட்டில்ல படுத்திருந்தாங்க மேடம்.”

“அலை ஐயா அத வெளியேற்றக் காலம்னு சொல்றாரு. கெட்டது வெளிய போகும்போது கொஞ்சம் கூடுமாம்.”

குறைந்தால் தகடு வேலை செய்கிறது. கூடினால் ரொம்ப வேலை செய்கிறது. தோற்கவே முடியாத இந்த மாதிரிப் பந்தயத்தில் குதிரைகூட ஓட வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் நர்ஸ் தங்கை வீட்டுக்குப் போனாள். தையல் இயந்திரத்தைச் சுற்றி நீலத் துண்டுகள் குவிந்து கிடந்தன. குருவிக்கு வந்த இளைப்பைக் கேட்டுத் தங்கை முகம் செத்துப்போயிற்று. பீரோவைத் திறந்து இன்ஹேலரை எடுத்து மகள் கையில் திணித்தாள். ஆனாலும் சமாதானம் ஆகவில்லை.

“அது அவ தகடு போலியா இருந்திருக்கும்க்கா. ஐயாதான் சொன்னாரே, போலி வந்திருக்குன்னு.”

நர்ஸ் ஒரு நூல்கண்டை எடுத்து உருட்டினாள்.

“சரி, போலிய அவரு கண்டுபிடிச்சுடுவாரா?”

“கையப் புடிச்சு அமுக்கினா போதும். சட்டுனு சொல்லிடுவாரு.”

“அப்ப ஒண்ணு செய். பத்துப் பை தை. அஞ்சுல தகடு வை. அஞ்சுல கோட்டுப் பொத்தான் வை. வெளியில ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் நம்பர் போடு. எதுல என்னன்னு என்கிட்டகூட சொல்லாத. ஒரு தாள்ல எழுதி, உறையில போட்டு ஒட்டி, மேடம்கிட்ட குடு. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்துல அவரு எல்லார் முன்னாடியும் பிரிச்சுக் காட்டட்டும்.”

“அவரு காட்டிட்டா நீ வாய மூடிக்கணும்.”

“மூடிக்கிறேன். என் பைக்கும் ஒரு தகடு தச்சுக் குடு, போட்டுக்கிறேன்.”

தங்கை அன்றைக்கே உட்கார்ந்து தைத்தாள். ஐயா ஜெயிக்க வேண்டும் என்ற வேகத்தில், வழக்கத்தைவிட நெருக்கமாகத் தையல் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் உட்கார இடமில்லை. பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். ஜன்னலிலும் தலைகள். நர்ஸ் எழுந்து மிகவும் பணிவாகப் பேசினாள்.

“ஐயா, போலித் தகடு வந்திருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. பெத்தவங்க பயந்துபோயிருக்காங்க. இதோ பத்துப் பை இருக்கு. எது அசல்னு பிரிச்சுக் காட்டினீங்கன்னா எல்லாருக்கும் நிம்மதி.”

கூட்டம் “ஆமா, ஆமா” என்றது. அலை ஐயா பத்துப் பையையும் பார்த்தார். ஒவ்வொன்றாக விரலால் வருடினார். தையல் நெருக்கம், துணி தடிமன், உள்ளே வட்டமாக ஏதோ ஒன்று. பத்தும் ஒன்றாகவே இருந்தன. தங்கையின் கைவேலை அப்படி.

“செய்யலாம்மா. ஆனா இந்த மண்டபத்துல ஒரு சந்தேக அலை அடிக்குது. வடக்குப் பக்கத்துலேர்ந்து.”

வடக்குப் பக்கத்தில் நர்ஸ்தான் நின்றாள்.

“அது நானா இருக்கும் ஐயா. நான் வெளிய போயிடுறேன். பை தச்ச என் தங்கச்சியும் வரட்டும். அவ முகத்தப் பாத்து நீங்க சொன்னீங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.”

இருவரும் வெளியே போனார்கள். கதவும் சாத்தப்பட்டது. இப்போது மண்டபத்தில் நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. அலை ஐயாவுக்கு அது கொஞ்சம் மூச்சுமுட்டியது.

பி.டி. மாஸ்டர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மேடை ஏறினார். ஒன்றாம் எண் பையை அவர் பையில் போட்டு அலை ஐயா அமுக்கினார். கை இரும்பாக நின்றது. “அசல்,” என்றார். கைதட்டல். இரண்டாம் எண். கை சரிந்தது. “போலி.” கைதட்டல். மூன்று அசல். நான்கு அசல். ஐந்து போலி. ஒவ்வொன்றையும் தலைமையாசிரியை சாக்குக்கட்டியால் பலகையில் எழுதினார். பத்தாவது முடிந்தபோது அலை ஐயாவின் கோட்டு முதுகில் ஒட்டியிருந்தது. ஆறு அசல், நான்கு போலி என்று தீர்ப்பாயிற்று.

கதவைத் திறந்து தங்கையைக் கூப்பிட்டார்கள். அவள் பலகைப் பக்கம் திரும்பாமலே கத்தரியோடு மேடை ஏறினாள். முகம் மலர்ந்திருந்தது. ஒன்றாம் எண் பையின் தையலை வெட்டி, தலைகீழாக உதறினாள்.

கறுப்பாக ஒரு கோட்டுப் பொத்தான் மேசையில் விழுந்து, சுற்றிச் சுற்றி உருண்டு, அடங்கியது.

இரண்டாம் எண்ணை வெட்டினாள். போலி என்று சொன்ன பை. செப்புத் தகடு விழுந்தது. மூன்றாவதில் தகடு, அது சரி. நான்காவதில் பொத்தான். அதற்குள் பின்வரிசையில் ஒரு பையன் களுக்கென்றான். அவன் அப்பா அவனை அடக்கக் கையைத் தூக்கியவர், பாதியில் தானும் சிரித்துவிட்டார். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தையலாகப் பத்தையும் வெட்டினாள். பத்தாவது பையில் வந்த பொத்தானை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். மகளின் மூச்சை அவள் பூட்டிவைத்தது இதற்காகத்தான்.

தலைமையாசிரியை உறையைப் பிரித்துப் பலகையோடு ஒப்பிட்டார். பத்துக்கு மூன்று சரி.

“காசு சுண்டிப் பாத்து ஊகிச்சாகூட அஞ்சு வந்திருக்கும் போல,” என்றார் கணக்காசிரியர். அவர் பாடத்தைப் பெற்றோர் இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுவே முதல் தடவை.

“மைக்,” என்றார் அலை ஐயா. “மைக் அலை குறுக்க வந்துடுச்சு.”

“மைக் அமத்தித்தான் இருக்கு ஐயா,” என்றார் பி.டி. மாஸ்டர். “எனக்கு இப்பத்தான் புரியுது. போலின்னு சொல்ல நெனச்சா மணிக்கட்டுல நேரா கீழ அமுக்குறீங்க. அசல்னா விரல முழங்கைப் பக்கம் தள்ளி, என் தோளப் பாத்து அமுக்குறீங்க. தோளப் பாத்து அமுக்கினா ஆன அமுக்கினாலும் கை எறங்காது. மேடம், கொஞ்சம் கைய நீட்டுங்க.”

தலைமையாசிரியை கையை நீட்டினார். மாஸ்டர் அமுக்கினார், கை சரிந்தது. பலகை துடைக்கும் டஸ்டரை அவர் கையில் கொடுத்துவிட்டு மறுபடி அமுக்கினார். கை அப்படியே நின்றது.

“டஸ்டருக்கும் குவாண்டம் இருக்குங்க.”

மண்டபம் அதிர்ந்தது. பௌதிக ஆசிரியர் இந்த முறை தலையாட்டவில்லை.

சிரிப்பு அடங்கியதும் தலைமையாசிரியை டஸ்டரைக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது. ஆனால் ஓடி ஒளியவில்லை. மாணவிகள் நின்ற பக்கம் திரும்பினார்.

“இன்னைக்குக் காலையில பள்ளிக்கூடத்துக்கு வந்ததுக்கப்புறம் ஒரு டம்ளர் தண்ணியாவது குடிச்சவங்க கையத் தூக்குங்க.”

இருநூறு பெண்பிள்ளைகள் நின்றார்கள். ஐந்து கை எழுந்தது.

“ஏன்?”

அப்பாக்கள் அத்தனை பேர் இருக்கும் இடத்தில் எப்படிச் சொல்வது? குருவிதான் முன்னால் வந்தாள். குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

“பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல மேடம்.”

அப்போது யாரும் சிரிக்கவில்லை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் தச்சர். அவர் மகள் இரண்டு முறை மயங்கி விழுந்தவள். இரண்டு முறையும் அவர் தகடுதான் மாற்றினார்.

“மேடம், நாலுதானே? நாளைக்குக் காலையில நான் வந்து போட்டுடுறேன்,” என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு நோயாளர் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். அலை ஐயா நின்றார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். பெருந்தகட்டுக்கு வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுத்து, இனி அங்கே தகடு விற்பதில்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தலைமையாசிரியை கதவோரம் பி.டி. மாஸ்டரை நிறுத்திவைத்துத்தான் அந்தப் பேச்சைப் பேசினாராம்.

“சிஸ்டர், தலைவலி மாத்திரை ஒண்ணு இருக்குமா? மண்ட வெடிக்குது.”

நர்ஸ் மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தாள். “உங்க கழுத்துலயே தகடு தொங்குதே ஐயா?”

“தொழில் வேற, தலைவலி வேறம்மா,” என்றார் அவர், விழுங்கிவிட்டு.

அவர் அந்தப் பள்ளியில் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதையும் ஒரே ஒருத்திதான் கேட்டாள்.

தச்சர் சொன்னபடி வந்தார். அடுத்த வாரமே குழாயும் சரியாயிற்று. திரும்பி வந்த தொகையில் வகுப்பறை வராந்தாவில் குடிதண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். காலையில் சாப்பிடாமல் வருகிறவர்களுக்கு முதல் மணிக்கு முன்பு ரொட்டியும் பாலும் ஏற்பாடாயிற்று. தங்கை நீலத் துணியில் மிச்சம் இருந்ததை வெட்டி, இன்ஹேலர் வைக்க ஒரு உறை தைத்து, மகளின் இடுப்பில் கட்டிவிட்டாள். பதினைந்தாம் நாள் நர்ஸ் தன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்தாள். வேலையே இல்லை.

இங்கே முடித்துவிட்டால் கதை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மனிதர்கள் அவ்வளவு சுலபமாக முடியவிடுகிறார்களா? மறுநாள் வாசலில் நாலைந்து தாய்மார் நர்ஸைச் சூழ்ந்துகொண்டார்கள். வேறொரு பள்ளியில் படிக்கும் தங்கள் மூத்த பிள்ளைகளுக்கும் அதே தலைவலியாம்.

“அங்கயும் நீங்களே உங்க தச்சர அனுப்பித் தாழ்ப்பாள் போட்டுக் குடுக்கணும் சிஸ்டர்,” என்றாள் ஒருத்தி. “போட்டவங்க கை அப்படி. உங்க தச்சர் கைராசிக்காரராம். பதினஞ்சே நாள்ல இத்தன பிள்ளைங்களுக்குக் குணமாயிடுச்சே.”

நர்ஸ் அவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“அவரு போட்டது நாலு திருகாணிம்மா, ராசி இல்ல. அங்க உள்ள கதவ நீங்களே போய் ஆட்டிப் பாருங்க, பிள்ளைங்க தண்ணி குடிக்குதான்னு கேளுங்க. தாழ்ப்பாளப் பாத்ரூம் கதவுக்குப் போடச் சொல்லுங்க. மூளைக்கு மட்டும் போட்டுக்காதீங்க.”